வட்டார ஊர்களின் மக்கள் அடர்த்திப் பட்டியல் தயாரிப்பது எப்படி: முதல்முறை இறங்குபவர்களுக்கு

மதுரையில் சதுர கிலோமீட்டருக்கு 6,878 பேர் வசிக்கிறார்கள் என்று எழுதி, குப்பை மேலாண்மை தொடர்பான ஒரு திட்ட விண்ணப்பத்தோடு இணைத்து அனுப்பினேன். மூன்றாம் நாள் தொலைபேசி வந்தது. மறுமுனையில் இருந்தவர் மரியாதையாகத்தான் கேட்டார்: "சார், இது எந்த மதுரை?" எனக்குத் தெரிந்து ஒரே மதுரைதான். ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களில் இரண்டு இருக்கின்றன. நான் ஒரு மதுரையின் மக்களைக் கூட்டிக்கொண்டு போய் இன்னொரு மதுரையின் நிலத்தில் குடியேற்றி வைத்திருந்தேன்.

மதுரை, திண்டுக்கல், தேனி ஆகிய மூன்று மாவட்டங்களின் ஊர்களுக்குத்தான் பட்டியல் கேட்டிருந்தார்கள். எனக்கு ஆறு வாரம் பிடித்தது. சரியான வரிசையில் செய்திருந்தால் ஒரு சனி, ஒரு ஞாயிறு போதும். அந்த வரிசையைக் கீழே தருகிறேன். மாவட்டப் பெயர்களை மாற்றிக்கொண்டால் தமிழ்நாட்டின் எந்த வட்டாரத்துக்கும் இதே வழிதான்.

1. எதை நகரம் என்று கொள்கிறீர்கள் என முதலில் முடிவு செய்யுங்கள்

கணினியைத் திறப்பதற்கு முன்பே செய்ய வேண்டியது இது. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ராணுவக் குடியிருப்பு வாரியம் ஆகியவை சட்டப்படி நகரங்கள். இவை போக, நிர்வாகத்தில் ஊராட்சியாகவே இருந்துகொண்டு, கணக்கெடுப்புக்கு மட்டும் நகரமாக எண்ணப்படும் ஊர்கள் உண்டு. அவற்றைக் கணக்கெடுப்பு நகரம் என்பார்கள். அதற்கு மூன்று நிபந்தனைகள்: குறைந்தது 5,000 பேர் இருக்க வேண்டும், முதன்மைத் தொழிலாளர்களான (ஆண்டில் ஆறு மாதமாவது வேலை செய்யும்) ஆண்களில் 75 சதவீதத்தினராவது வேளாண்மை அல்லாத வேலையில் இருக்க வேண்டும், சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது வசிக்க வேண்டும்.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,097 நகரங்கள். அவற்றில் 721 சட்டப்படியானவை, 376 கணக்கெடுப்பு நகரங்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஊராட்சிகள் என்பதைக் கவனியுங்கள். இவற்றைச் சேர்ப்பதா விடுவதா என்பதைப் பட்டியல் கேட்டவரிடமே கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை. பேரூராட்சி வரை எடுத்துக்கொண்டு, பாதி வேலை முடிந்த பிறகு மற்றவற்றையும் சேர்க்க வேண்டியதாயிற்று.

400 பேர் என்ற நிபந்தனை கணக்கெடுப்பு நகரங்களுக்கு மட்டும்தான். கோவை மாவட்டத்து வால்பாறை நகராட்சி, தேயிலைத் தோட்டங்களையும் காட்டையும் சேர்த்துக்கொண்டு சுமார் 217 சதுர கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்கிறது. 2011-இல் மக்கள்தொகை 70,859. வகுத்தால் 330-ஐக்கூடத் தொடாது. ஊராட்சியாக இருந்திருந்தால் கணக்கெடுப்பு நகரமாகத் தேறியிருக்காது. நகராட்சி என்பதால் பட்டியலில் நிமிர்ந்து நிற்கிறது. இப்படி ஓர் ஊர் உங்கள் பட்டியலிலும் வந்தால் தட்டச்சுப் பிழை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள்.

2. இரண்டு ஆவணங்கள் போதும். அவற்றைச் சரியாக எடுங்கள்

இந்தியக் கணக்கெடுப்புத் துறையின் இணையதளத்தில் எல்லாம் இலவசம். பதிவிறக்கித் தருகிறேன் என்று காசு கேட்பவர்களை நம்ப வேண்டாம்.

முதலாவது, மாவட்டக் கணக்கெடுப்புக் கையேடு. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ‘ஏ’, ‘பி’ என்று இரு பாகங்கள். உங்களுக்கு வேண்டியது ‘ஏ’ பாகத்தில் உள்ள நகர விவரத் தொகுப்பு. அதன் முதல் அட்டவணையில் ஒவ்வொரு நகரத்தின் தகுதிநிலை (மாநகராட்சியா, நகராட்சியா, பேரூராட்சியா என்பது), பரப்பு, வீடுகள், 1901 தொடங்கி மக்கள்தொகை, அடர்த்தி என்று எல்லாம் ஒரே வரிசையில் இருக்கும். ஆம், அடர்த்தியே அச்சாகியிருக்கிறது. இதை நான் கண்டுபிடித்தது நான்காவது வாரத்தில்.

இரண்டாவது, ஏ-1 என்ற மாநில அட்டவணை. மாவட்டம், வட்டம் வாரியாகப் பரப்பும் மக்கள்தொகையும் அடர்த்தியும், ஊரகம், நகர்ப்புறம் என்று பிரித்துக் கிடைக்கும். உங்கள் கூட்டல் சரியா என்று பார்க்க இது வேண்டும்.

பலர் முதலில் போய் விழுவது முதன்மைக் கணக்கெடுப்புச் சுருக்கத்தில்தான். வார்டு வரைக்கும் மக்கள்தொகை தரும் அருமையான கோப்பு அது. ஆனால் அதில் பரப்பு என்ற பத்தியே கிடையாது. பரப்பைத் தேடிப் பொதுத்தளங்களுக்குப் போவீர்கள். அங்கே கிடைக்கும் பரப்பு வேறொரு வருடத்தினுடையதாக இருக்கும். என் 6,878 பிறந்த கதை அதுதான்.

இன்னொன்று: தற்காலிக முடிவுகள், இறுதி முடிவுகள் என்று இரண்டும் இணையத்தில் உலவுகின்றன. சென்னை மாவட்டத்துக்குத் தற்காலிக முடிவில் மக்கள்தொகை 46,81,087, அடர்த்தி 26,903. இறுதியில் அவை 46,46,732 என்றும் 26,553 என்றும் ஆயின. இறுதியை மட்டும் எடுங்கள். கோப்பின் முதல் பக்கத்தில் தற்காலிகம் என்று போட்டிருந்தால் மூடிவிடுங்கள்.

3. எல்லை எந்தத் தேதியுடையது என்று பாருங்கள்

இந்தப் படியில்தான் பெரும்பாலோர் வழுக்கி விழுகிறார்கள், ஆகவே கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

2011 கணக்கெடுப்பு அந்த ஆண்டு மார்ச் 1-ஆம் தேதியைக் குறிப்புநாளாகக் கொண்டது. அப்போது மதுரை மாநகராட்சி 72 வார்டுகளோடு, சுமார் 52 சதுர கிலோமீட்டராக இருந்தது. மக்கள்தொகை 10,17,865. அதே ஆண்டு அக்டோபரில் நடந்த உள்ளாட்சித் தேர்தலை ஒட்டி எல்லை விரிந்து, 100 வார்டுகள், சுமார் 148 சதுர கிலோமீட்டர் என்றானது. அந்த விரிந்த எல்லைக்குள் 2011-இல் இருந்தவர்களைக் கூட்டினால் 14,70,755 பேர்.

இப்போது வகுத்துப் பாருங்கள். பழைய மக்களைப் பழைய பரப்பால் வகுத்தால் ஏறத்தாழ 19,570. புதிய தொகையைப் புதிய பரப்பால் வகுத்தால் 9,940-க்கு ஒட்டி வரும். இரண்டுமே சரி, இரண்டும் வெவ்வேறு மதுரைகள். பழைய மக்களைப் புதிய பரப்பால் வகுத்தால்தான் 6,878 வரும். அப்படி ஒரு மதுரை எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

கோவைக்கும் சென்னைக்கும் இதே ஆண்டில் இதேதான் நடந்தது. கோவை மாநகராட்சியின் 10,50,721 பேர் என்பது 105.6 சதுர கிலோமீட்டருக்கு உரிய தொகை. பிறகு பரப்பு இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. சென்னை 175-இலிருந்து 426 சதுர கிலோமீட்டர் ஆனது. விரிந்த எல்லைக்குள் 2011-இல் சுமார் 67 லட்சம் பேர் இருந்ததால் அடர்த்தி 26,553-இலிருந்து 15,700 அளவுக்கு இறங்கிவிடும். ஊரை விட்டு யாரும் போய்விடவில்லை. எல்லைக்கோட்டை மட்டும் தள்ளிப் போட்டார்கள்.

சென்னைக்கு மூன்றாவது உருவம் ஒன்றும் உண்டு: நகர்ப்புறத் திரள். மாநகராட்சியோடு ஒட்டி வளர்ந்த ஊர்களையெல்லாம் சேர்த்து 86,53,521 பேர். இதைச் சென்னைப் பெருநகர்ப் பகுதியின் 1,189 சதுர கிலோமீட்டரால் வகுத்து வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். திரள் என்பது கணக்கெடுப்புத் துறை போட்ட கோடு, பெருநகர்ப் பகுதி என்பது திட்டமிடலுக்காகப் போட்ட கோடு. இரண்டும் ஒன்றல்ல. பெருநகர்ப் பகுதியும் 2022-இல் 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்துவிட்டது.

விரிந்த எல்லையை எடுக்கிறீர்கள் என்றால் இரட்டை எண்ணிக்கையைத் தவிர்க்க வேண்டும். அவனியாபுரம், ஆனையூர், திருப்பரங்குன்றம் ஆகியவை 2011 கையேட்டில் தனித்தனி நகராட்சிகள். விளாங்குடியும் திருநகரும் பேரூராட்சிகள். விரிந்த மதுரையைப் பட்டியலில் எழுதினால் இந்த வரிகளை நீக்கிவிடுங்கள். நீக்காவிட்டால் அந்த மக்கள் இரண்டு முறை எண்ணப்படுவார்கள்.

என் யோசனை: ஒரு பட்டியலுக்கு ஒரே எல்லை. 2011 மார்ச் எல்லையே எளிது, ஏனென்றால் எல்லா ஊருக்கும் ஒரே கையேட்டிலிருந்து எண் கிடைக்கும். விரிவாக்கம் அவசியம் என்றால் அதைத் தனிப் பட்டியலாகப் போடுங்கள்.

4. எக்ஸெலில் ஏற்றும்போது

பத்திகள் ஏழு போதும்: மாவட்டம், ஊர், தகுதிநிலை, கணக்கெடுப்புக் குறியீடு, மக்கள்தொகை, பரப்பு, எல்லைத் தேதி. அடர்த்தியைக் கடைசியில் சூத்திரம் போட்டு வரவழையுங்கள், கையால் அடிக்காதீர்கள்.

ஊர்ப் பெயரை நம்பி இரண்டு கோப்புகளை இணைக்காதீர்கள். ஆங்கில எழுத்தில் தூத்துக்குடியை எத்தனை விதமாக எழுதலாம் என்று அரசுத் தாள்களே காட்டிக்கொடுக்கும். பள்ளபட்டி என்றால் கரூர் மாவட்டத்தில் ஒன்று, திண்டுக்கல் மாவட்டத்தில் ஒன்று. ஆகவே கணக்கெடுப்பில் ஒவ்வோர் ஊருக்கும் தந்திருக்கும் ஆறு இலக்கக் குறியீட்டை வைத்து இணையுங்கள். வார்டுகளின் குறியீடு பூஜ்யங்களில் தொடங்கும். எக்ஸெல் அவற்றைக் கேட்காமலே விழுங்கிவிடும். கோப்பைத் திறப்பதற்கு முன் அந்தப் பத்தியை எழுத்து வகையாக மாற்றிவிடுங்கள்.

மாவட்டங்கள் விஷயத்திலும் எச்சரிக்கை. 2011 கணக்கெடுப்பில் 32 மாவட்டங்கள்தான். தென்காசி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், கள்ளக்குறிச்சி ஆகியவை 2019-இலும் மயிலாடுதுறை 2020-இலும் வந்தவை. தென்காசி நகராட்சி வேண்டுமானால் திருநெல்வேலிக் கையேட்டைத்தான் திறக்க வேண்டும். நல்லவேளை, என் மூன்று மாவட்டங்களும் பிரியாமல் இருந்தன.

5. அலகு

கையேட்டில் நகரங்களின் பரப்பு சதுர கிலோமீட்டரில் இருக்கும். அதே கையேட்டில் கிராமங்களின் பரப்பு ஹெக்டேரில் இருக்கும். ஒரே புத்தகம், இரண்டு அலகு. 100 ஹெக்டேர் ஒரு சதுர கிலோமீட்டர். கிராமமாக இருந்து பிறகு கணக்கெடுப்பு நகரமான ஊர்களுக்குப் பழைய எண்ணை எடுக்கும்போது இதில் தவறினால் விடை நூறு மடங்கு பிசகும். உள்ளாட்சி அலுவலகத் தாளில் ஏக்கர் வரும். 247 ஏக்கர் ஒரு சதுர கிலோமீட்டர் என்று நினைவில் வையுங்கள். பழைய புத்தகங்களில் சதுர மைலும் வரும். ஒரு சதுர மைல் 2.59 சதுர கிலோமீட்டர்.

6. பரப்பு கிடைக்காவிட்டால் தகவல் உரிமை மனு

விரிவாக்கம் நடந்த ஊர்களுக்குப் புதிய பரப்பு கையேட்டில் இருக்காது. அரசாணையிலோ உள்ளாட்சி அலுவலகத்திலோதான் கிடைக்கும். நேரில் போய்க் கேட்கலாம். நான் போன ஓர் அலுவலகத்தில் மூன்று நாற்காலிகள் மாறி உட்கார்ந்ததுதான் மிச்சம். மனுவே மேல்.

கட்டணம் 10 ரூபாய். தமிழக அரசு அலுவலகங்களுக்கு அனுப்பும்போது நீதிமன்றக் கட்டண வில்லையை மனுவில் ஒட்டிவிட்டால் போதும். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சான்று இணைத்தால் கட்டணம் இல்லை. பதில் தர 30 நாள் கெடு. தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டால் அவர்கள் 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும். பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. ஆக, உங்கள் பட்டியலுக்குக் கெடு ஒரு மாதத்துக்குள் இருந்தால், மற்ற எதையும் தொடங்குவதற்கு முன்பு மனுவை அனுப்பிவிடுங்கள்.

கேள்வியைச் சுற்றி வளைக்காமல் எழுதுங்கள். "உங்கள் நகராட்சியின் பரப்பு என்ன?" என்று கேட்டால் பழையதைத் தருவார்கள். "எல்லை விரிவாக்கத்துக்கு முன்பும் பின்பும் மொத்தப் பரப்பு சதுர கிலோமீட்டரில் என்ன? சேர்க்கப்பட்ட ஊராட்சிகளின் பெயர், ஒவ்வொன்றின் பரப்பு, விரிவாக்க அரசாணையின் எண், நாள், நகல் ஆகியவற்றைத் தரவும்" என்று கேளுங்கள்.

இணைந்த ஊராட்சியின் பரப்பை நீங்களே கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு வாங்க நினைத்தால் ஒரு சிக்கல் உண்டு. அவரிடம் இருப்பது வருவாய்க் கிராமத்தின் கணக்கு. ஒரு வருவாய்க் கிராமத்தில் இரண்டு ஊராட்சிகள் இருக்கலாம், ஓர் ஊராட்சிக்குள் இரண்டு வருவாய்க் கிராமங்களும் இருக்கலாம். கணக்கெடுப்புக் கையேட்டில் கிராமம் என்று வருவதும் வருவாய்க் கிராமம்தான்.

7. வரைபடத்தில் அளப்பதாக இருந்தால்

வார்டு வாரியாக அடர்த்தி வேண்டும் என்றால் இதைத் தவிர வழியில்லை. கியூ-ஜிஐஎஸ் இலவச மென்பொருள். எல்லைக்கோடுகள் கையில் இருந்தால் பரப்பைக் கணக்கிடுவது ஐந்து நிமிட வேலை.

தவறு நடக்கும் இடம் கோட்டமைப்பு, அதாவது உருண்டையான பூமியைத் தட்டையான வரைபடமாக விரிக்கும் முறை. இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் மெர்க்கேட்டர் அமைப்பிலேயே தட்டையாகப் பரப்பை அளந்தால் நிலம் வீங்கிவிடும்: மதுரையில் சுமார் 3 சதவீதம், சென்னையில் 5 சதவீதத்துக்கு மேல். உலகை மண்டலம் மண்டலமாகப் பிரித்து வரையும் யூடிஎம் அமைப்புக்கு மாற்றிக்கொண்டு அளங்கள். மதுரை, சேலம், சென்னை எல்லாம் 44-வது வடக்கு மண்டலம். கோவை, திருப்பூர், நெல்லை 43. இரண்டையும் பிரிப்பது 78 பாகைத் தீர்க்கரேகை. திண்டுக்கல் நகரம் அந்தக் கோட்டுக்குச் சற்று மேற்கே ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. ஒரு நகரத்தை இரண்டு மண்டலங்களில் துண்டு போடாமல், மொத்தத்தையும் ஒரே மண்டலத்தில் வைத்து அளந்தால் பெரிய பிசகு வராது.

கணக்கெடுப்பின் 10-வது வார்டும் இன்றைய 10-வது வார்டும் ஒன்றல்ல என்பதை மறக்காதீர்கள். மதுரையில் 72 வார்டுகளின் மக்களை 100 வார்டு வரைபடத்தில் ஒட்ட முயன்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் தொலைத்தேன்.

8. சராசரி போடும் முறை

வட்டாரத்தின் நகர்ப்புற அடர்த்தி என்ன என்று கட்டாயம் கேட்பார்கள். அடர்த்திகளைக் கூட்டி ஊர்களின் எண்ணிக்கையால் வகுக்கக் கூடாது. எல்லா ஊர் மக்களையும் கூட்டி, எல்லா ஊர்ப் பரப்பையும் கூட்டி, பிறகு வகுக்க வேண்டும்.

மதுரையையே எடுத்துக்கொள்வோம். பழைய பகுதியின் அடர்த்தி 19,570. சேர்க்கப்பட்ட 96 சதுர கிலோமீட்டரில் 4,52,890 பேர். அடர்த்தி 4,720 அளவு. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 12,000-ஐத் தாண்டும். உண்மையோ 9,940. முப்பது நாற்பது ஊர்கள் இருக்கும் பட்டியலில் இந்தப் பிசகு எங்கே போய் நிற்கும் என்று நீங்களே ஊகிக்கலாம்.

9. அனுப்புவதற்கு முன் ஒரு பார்வை

பட்டியலை அடர்த்தி வாரியாக வரிசைப்படுத்தி, மேலே ஐந்தும் கீழே ஐந்தும் பாருங்கள். பிழைகள் அந்தப் பத்துக்குள்தான் ஒளிந்திருக்கும். கையேட்டில் அச்சான அடர்த்தியோடு உங்கள் விடை ஒன்றிரண்டு எண்ணிக்கை வேறுபட்டால் கவலை இல்லை, பரப்பைச் சுருக்கி எழுதியதால் வருவது அது. நூற்றுக்கணக்கில் வேறுபட்டால் மூன்றாம் படிக்குத் திரும்புங்கள்.

விசித்திரமாகத் தெரிவதெல்லாம் பிழையும் அல்ல. 2011-இல் திண்டுக்கல் நகராட்சியாகத்தான் இருந்தது; சுமார் 14 சதுர கிலோமீட்டருக்குள் 2,07,327 பேர். அடர்த்தி 14,800 அளவு, அதாவது விரிந்த மதுரையைவிட அதிகம். எல்லையை இறுக்கிப் பிடித்த ஊர் நெரிசலாகத் தெரியும், வயலையும் கண்மாயையும் சேர்த்துக்கொண்ட ஊர் காலியாகத் தெரியும். கொடைக்கானல் நகராட்சிக்கு 36,501 பேர் என்று பார்த்துவிட்டு, மே மாதத்து நெரிசலை நினைத்துச் சந்தேகப்படாதீர்கள். சுற்றுலா வந்தவர்கள் அவரவர் ஊர்க் கணக்கில் இருக்கிறார்கள். குப்பை, குடிநீர் போன்ற வேலைகளுக்குப் பட்டியல் போடுகிறவர்கள் மட்டும் இதை அடிக்குறிப்பில் சொல்லிவிடுவது நல்லது.

செலவுக் கணக்கு: எனக்கு ஆறு மனுக்கள், தபால், நகல், அச்சு எல்லாம் சேர்த்து 700 ரூபாய்க்குள் முடிந்தது. அதில் பாதி, தவறான பட்டியலை அச்சடித்ததற்கு.

10. 2027 கணக்கெடுப்புக்காக இப்போதே செய்து வைக்க வேண்டியது

2021-இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போனது. 2027 மார்ச் 1-ஐக் குறிப்புநாளாக வைத்து அடுத்தது நடக்கும் என்று 2025 ஜூன் 16-இல் அறிவிக்கை வந்தது. புதிய எண்கள் வெளிவரும்போது எல்லோரும் ஓடிவந்து பத்தாண்டு வளர்ச்சி, பதினாறு ஆண்டு வளர்ச்சி என்று கேட்பார்கள். மதுரையின் புதிய தொகையை 10,17,865 உடன் ஒப்பிட்டால் ஊர் வெடித்துவிட்டதுபோலத் தெரியும்; 14,70,755 உடன் ஒப்பிட வேண்டும், அதுவும் எல்லை மேலும் விரிந்திருக்காவிட்டால். அதனால் விரிவாக்கம் கண்ட ஒவ்வோர் ஊருக்கும் ‘2011 மக்கள், புதிய எல்லையில்’ என்று ஒரு கூடுதல் பத்தியை இப்போதே நிரப்பி வைத்துக்கொள்ளுங்கள். என் பட்டியலில் இன்னும் நான்கு ஊர்களுக்கு அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது. மனுக்கள் போயிருக்கின்றன, பதில் வர வேண்டும்.